அட்டையில் ஒரு வசனம், வேதத்தில் ஒரு அதிகாரம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குச் சபையில் கொடுக்கும், ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லப் போவதில்லை. பாளையங்கோட்டையானாலும் தேரிக்காட்டு ஊரானாலும் அந்த அட்டை பீரோ கண்ணாடியில் வருஷம் முழுக்க இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டிலும் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பையிலும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிற விசுவாசம் பெரியது. எனக்குள்ள ஆதங்கம் ஒன்றுதான்: அட்டையில் வசனம் வருகிறது, அதிகாரம் வருவதில்லை.

நம் வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற வசனத்தையே எடுத்துக்கொள்வோம், எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியா முதல் தச்சர், கொல்லர் வரை பலரையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதினார்.

இந்தக் கடிதம் புரிய வேண்டுமானால் 28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். அதைக் கேட்ட எரேமியா, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் சொன்னது அது இல்லை. 29:10-இல் வருகிற கணக்கு 70 வருஷம். கடிதம் வாசிக்கக் கேட்டபோது 30 வயதான ஒருவருக்கு, அந்த 70 முடியும்போது 100 வயது. 11-ஆம் வசனம் முதன்முதலில் போய்ச் சேர்ந்த காதுகளில் பெரும்பாலானவை ஊர் திரும்பவே இல்லை.

"தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பனங்கொட்டை முளைத்து, வடலியாகி, பாளை விட ஒரு தலைமுறையின் நல்ல பங்கு போய்விடும். எரேமியா 29 பனை வைக்கிறவர்களுக்கு எழுதின கடிதம். அதனால்தான் 11-க்கு முன்னாலேயே 5, 6, 7 வசனங்கள் வருகின்றன: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள். பட்டணம் என்றால் பாபிலோன், அவர்களைச் சிறைப்பிடித்தவனின் ஊர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் வேதத்தில் அந்த வசனம் "உன்பேரில்" என்று இல்லை, "உங்கள்பேரில்" என்று இருக்கிறது. ஒரு ஜனத்துக்குச் சொன்னது. என் விசா, என் டிஎன்பிஎஸ்சி ரிசல்ட் என்று ஒரே ஆளின் ஒரே வருஷத்துக்குள் அதை அடக்கினால், ஜூன் மாதம் காரியம் நடக்காதபோது நொறுங்குவது நாமாகச் சேர்த்த அர்த்தம்தான். ஆனால் அந்த வீட்டில் உடைந்துபோவது விசுவாசம். இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

நம்பிக்கை எப்படி இருக்கும் என்று பார்க்க 32-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். எருசலேமைப் பாபிலோன் சேனை சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலைமையில் தன் சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். இன்றைய நிறையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சி வைத்து, கிரயப் பத்திரத்தில் முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எதிரி கையில் விழப்போகிற நிலத்துக்குப் பத்திரம்! "இனி இந்தத் தேசத்தில் நிலம் கொள்ளப்படும்" என்கிற வார்த்தையை அவர் அட்டையில் எழுதி வைக்கவில்லை, காசு கொடுத்து எழுதி வாங்கினார். திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடி ஆலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 1847-இல் தொடங்கி 1880-இல் பிரதிஷ்டை, 33 வருஷம். கல் சுமந்தவர்கள் எல்லாரும் அந்த நாளைப் பார்த்திருப்பார்களா?

சரி, வாசிப்பது எப்படி? எரேமியாவில் 52 அதிகாரம், வருஷத்தில் 52 வாரம். வாரம் ஒன்று போதும். ஜனவரி முதல் வாரம் தொடங்கினால் 29-ஆம் அதிகாரம் ஜூலை நடுவில் வரும். பலர் மூன்றாவது வாரமே நின்றுவிடுவார்கள், ஏனென்றால் முதல் 20 அதிகாரங்களில் நியாயத்தீர்ப்பு விடாமல் வருகிறது, யாருக்கு என்ன நடந்தது என்ற கதை பிடிபடுவதில்லை. ஆகவே தொடங்குமுன் 2 இராஜாக்கள் 24, 25-ஐ ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். அடுத்த குழப்பம், புஸ்தகம் கால வரிசையில் இல்லை. 21-இல் சிதேக்கியா ராஜா, 25-இல் அவருக்கு முந்தின யோயாக்கீம். ஓரத்தில் பென்சிலால் ராஜா பெயரைக் குறித்துவைத்தால் தீர்ந்தது. அளவும் ஒன்றுபோல் இருக்காது: 45-இல் 5 வசனம், 51-இல் 64. பெரியதைக் குடும்ப ஜெபத்தில் இரண்டு நாளாகப் பிரித்து, சத்தமாக வாசியுங்கள். கடிதம் சத்தமாக வாசிக்கக் கேட்கத்தான் எழுதப்பட்டது.

துக்க வீட்டுக்குப் போகும்போது மட்டும் 29:11-ஐ முதலில் எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையில் வீடு முழுக்கச் சேறாய் நின்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் வருஷப்பிறப்பு வந்தது. அப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து வாசிக்க சங்கீதம் 88 இருக்கிறது. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆனாலும் முழுவதும் கர்த்தரைப் பார்த்தே பேசுகிறது.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரி அச்சடியுங்கள்: யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, அதிகாரம் முழுவதும் வாசிக்கவும். கூடவே 29:7-ஐயும் போடுங்கள். அதை வாசித்த குடும்பம் அன்று ராத்திரி தன் தெருவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கட்டும். குடிதண்ணீர் வராத வீடு, கோர்ட்டில் நிற்கிற பங்காளி வீடு, நம்மோடு பேசாத எதிர் வீடு, எல்லாம் அந்த ஜெபத்தில் வரட்டும்.