நீர்ப்பறவைக் கணக்கு வெறும் குத்துமதிப்பா?

‘சரணாலயத்தில் 12,400 வாத்து என்கிறார்கள். பறக்கிறதை யார் எண்ணுவது? ஒரே வாத்தைப் பத்து தடவை எண்ணி ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முதலில், பறக்கும்போது எண்ணுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். பறவைகள் நீரில் அமர்ந்திருக்கும்போது ஏரியைப் பகுதிகளாகப் பிரித்து, ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தாங்கியில் பொருத்திய தொலைநோக்கி) ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி எண்ணுகிறார்கள். கையில் ஒரு கவுண்ட்டர், அதாவது அழுத்த அழுத்த எண்ணிக்கை கூடும் சிறு கருவி. சிறு கூட்டம் என்றால் ஒவ்வொன்றாக. ஆயிரக்கணக்கில் என்றால் முதலில் ஐம்பதைச் சரியாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் அளப்பார்கள். நடுவில் ஒரு பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால், அவை அமரும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து! முக்குளிக்கும் வாத்துகள்தான் பெரிய தலைவலி: பல அடிக்கடி நீருக்கடியில் போய்விடும். அதனால் இரண்டு மூன்று முறை எண்ணி, கூடுதலாக வந்ததை எடுத்துக்கொள்வது வழக்கம்.

பிழை இல்லையா? உண்டு. ஆனால் பெரிய கூட்டத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் மதிப்பிடுகிறோம். 1967 முதல் நடக்கும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பல நாடுகளில் ஜனவரியை ஒட்டியே நடப்பதும் இரட்டை எண்ணிக்கையைக் குறைக்கத்தான். அப்போது பறவைகள் அதிகம் இடம்பெயர்வதில்லை. அப்புறம், ஒரு நாள் எண்ணைவிடப் பல ஆண்டுப் போக்குதான் முக்கியம்.