சன்ஸ்கிரீன் பூசினால் தோல் புற்றுநோய் வருமா?

"சன்ஸ்கிரீன் பூசுறவங்களுக்குத்தான் தோல் புற்றுநோய் அதிகம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி குளச்சல், முட்டம் பக்கம் சுற்றுகிறது. தவறு. வெயிலில் அதிகம் நிற்பவர்களும் தோல் எளிதில் சிவந்துவிடும் வெள்ளையர்களும்தான் அதை அதிகம் பூசுகிறார்கள். கணக்கு அதனால் அப்படித் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 1992 முதல் 1996 வரை 1,600-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். தினமும் பூசிய குழுவில் செதிள்செல் புற்றுநோய் (தோல் புற்றுநோயில் ஒரு வகை) மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. பிந்தைய கண்காணிப்பில் மெலனோமா என்ற கொடிய வகைத் தோல் புற்றுநோயும் ஏறத்தாழ பாதிதான்.

2021-ல் அமெரிக்காவில் சில சன்ஸ்கிரீன் ஸ்ப்ரேக்களைத் திரும்பப் பெற்றது உண்மை. அவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் என்ற வேதிப்பொருள் மாசாகக் கலந்திருந்தது. அது சன்ஸ்கிரீனின் சேர்மானம் இல்லை.

நம் மாநிறத்துக்கு ஆபத்து குறைவு, சரி. வள்ளத்தில் போகிறவர்களுக்கு முதலில் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். ஆனால் பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகளுக்கு வெயில் பெரும் ஆபத்து. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி அவர்களுக்குச் சன்ஸ்கிரீன் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.