வார்டு முதலில், வகுப்பு அப்புறம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 22 வருடமாக உயிரியல் எடுக்கிறேன். முன்பெல்லாம் மே மாதம் வந்தால் "ஆசிரியர் பயிற்சியில் சேர்க்கலாமா டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது வருகிற போன்களில் பாதிக்கு மேல் நர்சிங் பற்றி. "புதுசா ஒரு காலேஜ் வந்திருக்காம், சேர்க்கலாமா டீச்சர்?" "அந்த காலேஜ்ல சீட் கூட்டியிருக்காங்களாம், உண்மையா?" லுங்கித் தறி ஓட்டுகிறவர்கள், பேர்ணாம்பட்டில் பீடி சுற்றுகிற அம்மாக்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற அக்காக்கள்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நர்சிங் இடங்கள் எல்லாப் பக்கமும் கூடிக்கொண்டிருக்கின்றன. 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்று 2023 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. இங்கேயும் வெளிநாட்டிலும் கிறிஸ்தவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நர்சிங், பிசியோதெரபி, லேப், டயாலிசிஸ் என்று மருத்துவம் சார்ந்த படிப்புகளை விரிவாக்குகின்றன. நம் வேலூர் சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2022-இல் ராணிப்பேட்டை கீழ்மின்னலில் பெரிய வளாகத்தையே திறந்தது. இதையெல்லாம் வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உலகம் முழுக்க 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. இடங்கள் கூடத்தான் வேண்டும். கிறிஸ்தவ நிறுவனங்கள் அதைச் செய்தால் எனக்கு மகிழ்ச்சிதான். நான் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் வேலூர்க்காரி. அவர்கள் இந்த வேலையை எப்படித் தொடங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். என் நம்பிக்கையும் அங்கிருந்து வருகிறது, என் நிபந்தனையும் அங்கிருந்துதான்.

சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் பிறந்ததே ராணிப்பேட்டையில். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோன கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி சொல்லப்போவதில்லை. அதற்கப்புறம் நடந்தது என்ன என்பதைப் பாருங்கள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவர், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆபரேஷன் செய்ய ஒரு டாக்டர் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்த பெண்ணை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1909-இல் டெலியா ஹௌட்டன் அம்மையார் பொறுப்பில் செவிலியர் பள்ளி வந்தது. ஏழு வருடம் ஆஸ்பத்திரி நடந்த பிறகு பள்ளி. 1946-இல் அது கல்லூரியாகி பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. இந்தியாவில் அந்தப் பட்டப்படிப்பை முதன்முதலாகத் தொடங்கிய இடங்கள் இரண்டு. ஒன்று டெல்லி, இன்னொன்று நம் வேலூர்.

1909-க்கு எங்கள் குடியாத்தத்திலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. அந்த வருடம்தான் ஐடா அம்மா ஒரு சின்ன பீஜோ காரை எடுத்துக்கொண்டு குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அது பல வருடம் நடந்தது. என் பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது புண் வந்த காலோடு புளியமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வாள். டாக்டரம்மாவின் முகம் பாட்டிக்கு ஞாபகமில்லை. கட்டை அவிழ்த்து, சீழைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டிய பெண்ணின் கைதான் ஞாபகம். "ரணத்தைத் தொடறதுக்கு மூஞ்சியே சுளிக்கலடி" என்பாள். அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது இழிவு என்று சாதி சொல்லிவைத்திருந்த காலம் அது. யாரும் தங்கள் வீட்டுப் பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பமாட்டார்கள். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். இன்று எங்கள் பள்ளியிலிருந்து எல்லா வீட்டுப் பெண்களும் போகிறார்கள், பையன்களும் போகிறார்கள் என்றால், அந்தப் பெண்கள் போட்ட பாதை அது.

நர்சிங் மட்டுமில்லை. 1940-களின் கடைசியில் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். வேறு வேலைக்கு இருக்கிற தசைநாணை எடுத்து விரலுக்கு மாற்றி வைக்கிற ஆபரேஷன். அதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஆனால் தையல் போட்டதோடு கை வேலை செய்துவிடாது. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்கவேண்டும். வாரக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடக்கு, நீட்டு என்று பழக்கினால்தான் அந்தக் கை டம்ளரைப் பிடிக்கும். பிசியோதெரபி படித்தவர்கள் எதற்கு என்பது அந்தக் கைகளில் தெரிந்தது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. ஒவ்வொன்றிலும் நோயாளி முதலில் வந்தார், வேலை அடுத்து வந்தது, படிப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது.

என் நிபந்தனை இதுதான். வார்டு முதலில், வகுப்பு அப்புறம். இப்போது நிறைய இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மார்க். உயிரியலில் அவள் வரைகிற படங்களை அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இங்கிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு கல்லூரியில் நர்சிங் சேர்ந்தாள். பேர் வேண்டாம். கண்ணாடி பதித்த கட்டடம், ஏசி வகுப்பறை, வாசலில் பெரிய பேனர். கல்லூரியை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது, வரிசையாகக் கட்டில்களும் இருந்தன. கட்டிலில் ஆள்தான் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் மட்டும் பக்கத்து ஊர்க்காரர்கள் வேனில் வந்து படுத்துக்கொள்வார்களாம். நான்காம் வருடம் லீவில் வீட்டுக்கு வந்தவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். "டீச்சர், இத்தனை பிரசவம் பார்த்ததா லாக் புக்ல எழுதியிருக்கேன். ஒண்ணுகூட கிட்ட நின்னு பார்த்ததில்ல. நாளைக்கு ஒரு அம்மா என்னை நம்பி வந்து படுத்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவளைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். கட்டடத்தைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் ஆறு மாதம் கூடவே நின்று, நரம்பில் மருந்தேற்ற கேனுலா போடுவதிலிருந்து கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் தப்பித்தாள். இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் நான்கு வருடமும் அப்பாவின் தறி வருமானமும் எதற்குப் போயின?

இதற்கு நேர்மாறாக ஒரு காட்சியையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் அப்பா பக்கவாதம் வந்து சிஎம்சியில் படுத்திருந்தபோது பதினெட்டு நாள் நான்தான் துணைக்கு இருந்தேன். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கிற ஒரு பெண் காலையில் வருவாள். மலையாளப் பெண், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அப்பாவை "தாத்தா" என்று கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார்கள் அவளும் இன்னொரு சிஸ்டரும். ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி என்று தடவிப் பார்ப்பாள், தோல் சிவந்திருக்கிறதா என்று. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கவேண்டும். ஒருநாள் நேராகக் கஞ்சியை ஊற்றக் கையில் எடுத்துவிட்டாள். பின்னால் நின்ற ட்யூட்டர், "முதல்ல என்ன பார்க்கணும்?" என்றார். அவள் நிறுத்தி, சிரிஞ்சால் குழாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்து, அது வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதி செய்தாள். "தலைமாட்டை ஏன் உயர்த்தணும்?" "கஞ்சி மேலே ஏறி நுரையீரலுக்குப் போயிடக்கூடாது, மேடம்." அதற்கப்புறம்தான் கஞ்சி ஊற்ற விட்டார்.

எல்லாம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு உண்மையான நோயாளி வேண்டும், மாணவி வேண்டும், தப்பு நடக்கும் முன்னால் தடுக்கிற ஆசிரியர் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது நர்சிங் சீட் இல்லை. பதினெட்டாம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. ஒருபக்கம் விளங்காத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த வார்டில் இன்னொன்றும் கவனித்தேன். பக்கத்துக் கட்டிலில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மா. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காளத்தில் போர்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு தூரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். இந்த மலையாளப் பெண் அந்த அம்மாவிடம் குனிந்து "கோத்தாய் பேதா?" என்று கேட்டாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தமாம். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது? வார்டில்தான் இருக்கிறது.

இப்போது புதுக் கல்லூரிகளில் பொம்மை நோயாளியை வைத்துப் பழக்குகிறார்கள். மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மை. அது நல்லதுதான். முதல் ஊசியை மனிதர்மேல் போடாமல் பொம்மைமேல் போட்டுப் பழகட்டும். ஆனால் பொம்மைக்கு வங்காளம் தெரியாது, வெட்கப்படாது, இரவு மூன்று மணிக்கு பயத்தில் கையைப் பிடிக்காது. அதைப் பழக ஆட்கள் இருக்கும் வார்டுதான் வேண்டும்.

சரி, பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி, பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர், கட்டில்களில் முக்கால்வாசியாவது நிரம்பியிருக்கவேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போனால் வகுப்பறையைப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் போங்கள். சாதாரண நாளில், காலை பத்து மணிக்கு, சொல்லாமல் போங்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா? பிரசவ வார்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதா? மாணவிகளோடு ட்யூட்டர் நிற்கிறாரா, இல்லை அவர்களே சுவரோரம் நின்று போன் பார்க்கிறார்களா? இவ்வளவு பார்த்தால் போதும்.

கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள், உரிமையோடு சொல்கிறேன். உங்களிடம் வார்டு இருக்கிறது, நூறு வருட அனுபவம் இருக்கிறது. நீங்கள் இடங்களைக் கூட்டுங்கள். கூட்டும்போது அதே வேகத்தில் ஆசிரியர்களையும் உருவாக்குங்கள். எம்.எஸ்சி. முடித்த அனுபவமுள்ள சிஸ்டர்கள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால் புதுக் கட்டடத்தில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? எங்கள் ஊர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கதவைத் திறந்துவையுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் உடற்கூறியல் புத்தகத்தைப் பார்த்து மிரண்டு நிற்பாள். இரண்டு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் நிமிர்ந்துவிடுவாள். எனக்குத் தெரியும், நான் அனுப்புகிற பிள்ளைகள்தானே.

அப்புறம் சம்பளம். இதைச் சொல்லாமல் விடமுடியாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையாகத் தரவேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. நான் மேலே சொன்ன பெண் 2021-இல் வாங்கிய முதல் சம்பளம் 11,000. கேட்டால் "இது சேவைம்மா" என்றார்களாம். சேவை என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் பாட்டியின் புண்ணைக் கழுவிய கைக்கு அந்தச் சொல் பொருந்தும். அதைச் சொல்லி ஒரு பெண்ணின் கூலியைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை. படிப்பைத் தொடங்குகிறவர்கள் படித்து முடித்தவளின் சம்பளத்துக்கும் குரல் கொடுக்கவேண்டும். அதைக் கிறிஸ்தவ நிறுவனங்கள் முன்னால் நின்று செய்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

நேற்று ராத்திரி பேர்ணாம்பட்டிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகள் 520 மார்க், நர்சிங்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். ஒரு கல்லூரியில் அட்வான்ஸ் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார்களாம். "பணம் கட்டாதீங்க, நானும் வரேன்" என்று சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை பஸ். பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரியில் இருப்போம். முதலில் பிரசவ வார்டுக்குப் போகலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.