பாட்டை அப்புறம் திட்டலாம், முதலில் காற்றை அடக்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை ரைடில் விக்கிரவாண்டி தாண்டி நம் தம்பி ஒருவன் வண்டியோடு விழுந்தது பைக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் பார்த்தாயிற்று. "காதுல பாட்ட மாட்டிக்கிட்டு ஓட்டினா இப்படித்தான்" என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. நேற்று ராத்திரி அறிவிப்பும் வந்துவிட்டது: இனிமேல் ரைடில் யார் ஹெல்மெட்டுக்குள்ளும் பாட்டு ஓடக் கூடாது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். தம்பியின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு எழுகிறது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்குகிறது. ஆள்காட்டி விரல் கன்னத்துப் பஞ்சுக்கும் காதுக்கும் நடுவே நுழைந்து எதையோ தள்ளுகிறது. தலை இடப்பக்கம் சாய்கிறது. வண்டியும் கூடவே சாய்கிறது. கை வெளியே வரவே நான்கு நொடி ஆகிறது. 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நூறு மீட்டர் தூரத்தை அவன் ஒற்றைக் கையில், பாதிப் பார்வையில் ஓட்டியிருக்கிறான். அதற்குள் முன் சக்கரம் தார் ஓரத்து மணலில் இறங்கிவிட்டது.

அவனைச் சாய்த்தது பாட்டு இல்லை. காதிலிருந்து நழுவிய ஒரு இயர்பட்ஸ். கன்னத்துப் பஞ்சு அதன் தண்டை அழுத்தி அழுத்திப் பாதி வெளியே தள்ளிவிட்டது. ஹெல்மெட் மாட்டும்போதே நழுவ ஆரம்பித்திருக்கும். இதை யாராவது அவனுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. விழுந்த பிறகு பாடம் எடுக்க மட்டும் எல்லோரும் வந்துவிட்டோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற உண்மையான எதிரி காற்றுச் சத்தம். அதை அடக்காமல் பாட்டுப் போட்டாலும் ஆபத்து, பாட்டே போடாமல் ஓட்டினாலும் ஆபத்து. காற்றை அடக்கிவிட்டால் பாட்டு தானாகவே சின்ன விஷயமாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சத்தத்தைவிடக் காற்றின் சத்தம்தான் காதில் அதிகம். 100 கிலோமீட்டரில் நல்ல முழுமுக ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 முதல் 100 டெசிபல் வரை போகும். அமெரிக்கத் தொழிலிட நலவாழ்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கிற வரம்பு ஒரு நாளைக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி. 100-க்கு வெறும் 15 நிமிடம். தாம்பரத்தில் கிளம்பி 100-ல் போகிறவனுக்குச் செங்கல்பட்டு வருவதற்குள்ளேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. மிச்சம் திருச்சி வரைக்கும் காதைத் தின்றுகொண்டுதான் போகிறோம். இதில் பாட்டு எங்கே வந்தது?

இந்தக் காற்றின் மேல் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் பாட்டு காற்றை ஜெயிக்க வேண்டும். ஏற்கனவே நூறு, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். வால்யூமைக் கடைசி வரை தள்ளுகிற பையன் அதைத்தான் செய்கிறான். அது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவனிடம் "பாட்டை நிறுத்து" என்று மட்டும் சொன்னால் நூறு அப்படியே இருக்கும். "காதை அடை" என்று சொன்னால் நூறு எண்பதாகும். அதற்கப்புறம் மெல்லிசான வால்யூமிலேயே பாட்டு கேட்கும்.

"காதையும் அடைச்சிட்டு ஸ்பீக்கரும் வைக்கிறதா, பைத்தியமா?" என்று போன வருஷம் இதே குழுவில் ஒருவர் கேட்டார். நிறைய பேர் சிரித்தார்கள். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போதும் அதே பதில்தான். காதை அடைக்கிற பிளக் வைத்தால் காற்றும் குறையும், பாட்டும் குறையும், பக்கத்து லாரியின் ஹாரனும் குறையும். எல்லாம் சேர்ந்து குறைவதால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். குறைவது காதுக்குள் போகும் மொத்த அடி. பளிச்சென்ற வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் சாலை மறைந்தா போகிறது?

பிளக் என்றால் மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கிற சாதாரண ஃபோம் பிளக் போதும். ஒரு டீ, வடை காசுதான். உறையில் 33 டெசிபல் குறைக்கும் என்றெல்லாம் போட்டிருக்கும். சரியாக வைக்காவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. நம்மில் பலர் காதின் வாசலிலேயே செருகிவிட்டு "இது வேலை செய்யல" என்கிறார்கள்.

செயின் எண்ணெய் தொட்ட கையோடு வேண்டாம், முதலில் கையைக் கழுவித் துடையுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவே உருட்டி, மடிப்பு விழாமல் ஊதுபத்திக் குச்சி மாதிரி மெல்லிசாக்குங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காதின் மேல்நுனியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். வளைந்திருக்கிற துவாரம் அப்போதுதான் நேராகும். உள்ளே விட்டு, 20 முதல் 30 நொடி விரலால் அழுத்திப் பிடித்திருங்கள், அது விரிகிற வரைக்கும். இந்த அரை நிமிஷப் பொறுமை இல்லாததால்தான் முக்கால்வாசிப் பேருக்கு பிளக் தோற்றுப்போகிறது. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் பெரிதாக மாறவில்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நிறைய மாறினால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஹெல்மெட்டின் வார்களை இரண்டு பக்கமும் நன்றாக விரித்து மாட்டுங்கள், காது மடங்கினால் பிளக் நழுவும். இறங்கியதும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், திருகி மெதுவாக எடுங்கள். அழுக்காகி விறைத்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர். ஹெல்மெட்டில் மாட்டிப் பேசவும் பாட்டு கேட்கவும் உதவுகிற இண்டர்காம் பெட்டியோடு வரும் 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கரை ஹெல்மெட்டின் காதுக் குழியில் நடுவாக ஒட்டிவிட்டு "பேஸே இல்ல" என்று புலம்புகிறார்கள். குழி இருக்கும் இடம் வேறு, உங்கள் காதுத் துவாரம் இருக்கும் இடம் வேறு. பெரும்பாலும் இன்னும் மேலேயோ முன்னாலேயோ இருக்கும். கன்னத்துப் பஞ்சைக் கழற்றி, வெல்க்ரோவில் லேசாக ஒட்டி, ஹெல்மெட்டை மாட்டி, பாட்டை ஓடவிட்டு, இரண்டு கையாலும் ஹெல்மெட்டைக் காதுப் பக்கம் வெளியிலிருந்து அழுத்துங்கள். சத்தம் சட்டென்று கூடினால் ஸ்பீக்கர் தூரத்தில் இருக்கிறது, பின்னால் ஒரு பஞ்சு வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். சில மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பேஸ் முழுசும் ஓடிப்போகும். ஆனால் காது மடலைத் தொடவும் கூடாது. வீட்டில் ஐந்து நிமிஷம் சுகமாக இருப்பது முக்கால் மணி நேரத்தில் ஆணி அறைந்த மாதிரி வலிக்கும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஸ்பீக்கர் உட்காரவில்லை என்று உள்ளே இருக்கிற தெர்மாகோலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பொட்டில் அடி விழும்போது அதை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். மெல்லிசான ஸ்பீக்கர் வாங்குங்கள், அல்லது குழி உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். சுரண்டினால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அர்த்தமே இல்லை.

பாட்டையும் கொஞ்சம் திருத்த வேண்டும். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் கீழ்ஸ்தாயி. அதனால் பேஸை ஏற்றுவது வீண், அது காற்றோடு காற்றாகக் கரைந்துபோகும். பிளக் வேறு மேல்ஸ்தாயியை அதிகம் தின்னும். ஈக்வலைசரில் பேஸை இறக்கி, நடுவையும் மேலையும் கொஞ்சம் ஏற்றுங்கள், வால்யூம் கூட்டாமலேயே வார்த்தை புரியும். நாகஸ்வரமும் பறையும் ஹெல்மெட்டுக்குள் கணீரென்று வரும். வீணைக் கச்சேரியைப் போட்டால் ஆலாபனை முழுக்கக் காணாமல் போகும், அதைத் தேடித்தான் வால்யூம் ஏறும். ஏறின வால்யூம் அடுத்த பாட்டுக்கு இறங்குவதும் இல்லை. வேகத்துக்கு ஏற்ப வால்யூமைத் தானாகக் கூட்டும் வசதி உங்கள் இண்டர்காமில் இருந்தால் அணைத்துவிடுங்கள், உங்களைக் கேட்காமலே காதைக் கெடுப்பது அதுதான். டீக்கடையில் நின்ற நொடியில் பாட்டு காதைக் கிழிக்கிறதென்றால் அதுவரை அதிக வால்யூமில்தான் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

"அண்ணே, நாய்ஸ் கேன்சலிங் பட்ஸ் இருக்கே?" இருக்கிறது. மைக்கால் வெளிச் சத்தத்தைப் பிடித்து எதிர்ச் சத்தம் போட்டு அடக்குகிற அது விமானத்திலும் ரயிலிலும் அருமையாக வேலை செய்யும். ஹெல்மெட்டுக்குள் காற்று சீராக இரைவதில்லை, முட்டி முட்டி அடிக்கிறது. பட்ஸின் மைக் திணறிப்போய், ஒவ்வொரு பள்ளத்திலும் காதுக்குள் பொத் பொத் என்று ஒரு அழுத்தம் வரும். இதற்கு மேல் அந்தத் தண்டுப் பிரச்சினை, அதுதான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பட்ஸ்தான் வேண்டும் என்றால் தண்டில்லாத, காதோடு மட்டமாக உட்காருகிறதை வாங்கி, வீட்டிலேயே மூன்று தடவை ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ஒரு தடவை நழுவினாலும் அது வண்டிக்கு ஆகாது. பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் வண்டி ஓட்டும்போது காதுக்குள் மாட்டும் இயர்போனுக்குத் தடை. ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கருக்குத் தடை இல்லை. ஒரு நாட்டுச் சட்டத்துக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது, நம் குழு அறிவிப்புக்குத் தெரியவில்லை.

"ஹாரன் கேட்காதே" என்பதுதான் எல்லோரும் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. உரக்கப் பாட்டு வைத்தால் கேட்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 100-ல் வெறும் காதோடு போகும்போது மட்டும் எவ்வளவு கேட்கிறது? பின்னால் பஸ் அடிக்கிற ஹாரன் அது முதுகுக்கு வந்த பிறகுதான் கேட்கும். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவனை அறிய வேண்டியது கண்ணாடியில், ஐந்தாறு நொடிக்கு ஒரு தடவை. ஊருக்குள் நுழையும்போது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, மழையில், இருட்டில், முப்பந்தலில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும்போது, பாட்டை நிறுத்துங்கள். ஹெல்மெட்டின் இடது பக்க இண்டர்காம் பட்டனை ஒரு அழுத்து, அவ்வளவுதான். கிளம்பும் முன்பே பாட்டு வரிசை தயாராக இருக்க வேண்டும், போனைத் தொடவே கூடாது. ஓடும்போது பாட்டு மாற்றுகிறவனை ரைடுக்கே சேர்க்காதீர்கள், நானும் கட்டைவிரல் போடுகிறேன்.

"நாங்க இருபது வருஷமா இதெல்லாம் இல்லாமத்தான் ஓட்டினோம்." சரி. அந்த இருபது வருஷத்துக்காரர்களில் ஒருவர் இப்போது டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசும்போது உதட்டைப் பார்க்கிறார். ராத்திரி ஃபேனை ஓடவிட்டால்தான் அவருக்குத் தூக்கம், இல்லையென்றால் காதுக்குள் ஒரு விசில். ரைடு முடிந்த சாயங்காலம் காது அடைத்த மாதிரி ஆகி, ஙொய்யென்று கேட்டு, காலையில் சரியாகிவிடுகிறதே, அது சரியாவது இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகிறது. சத்தத்தை உணர்கிற உள்காதின் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அவர் ஒரு நாளும் வண்டியில் பாட்டு கேட்டதில்லை.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்த அறிவிப்புக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் எத்தனை பேர் வண்டியில் கம்பெனி சைலன்ஸர் இருக்கிறது? பின்னால் வருகிற பத்து பேர் காதையும், வழியிலிருக்கிற ஊர்க் குழந்தைகள் தூக்கத்தையும் கெடுக்கிற குழாயை மாட்டிக்கொண்டு, அதைச் சுகம் என்று சொல்கிறீர்கள். தனக்குள்ளே மெதுவாக ஒரு பாட்டு கேட்கிறவன் மட்டும் உங்களுக்கு பொறுப்பில்லாதவன்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு, வழக்கமான பெட்ரோல் பங்கில், பிளக் ஒரு பெட்டி கொண்டுவருகிறேன். வேண்டியவர்களுக்கு நானே வைத்துக் காட்டுகிறேன், அரை நிமிஷ வேலை. விண்ட்ஷீல்டு உயரம் சரிதானா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஆளில்லாத நேர் சாலையில் 80-ல் சீராகப் போகும்போது முதுகை நிமிர்த்தி ஒரு ஜாண் உயருங்கள். இரைச்சல் குறைந்தால் உங்கள் ஷீல்டு காற்றை நேராகத் தலைக்கு அனுப்புகிறது. ஏற்றவோ இறக்கவோ வேண்டும், சில வண்டியில் கழற்றியே விடலாம். கீழே கழுத்துப் பக்கம் காற்று ஏறினால் ஹெல்மெட்டின் தாடைக்குக் கீழே மாட்டுகிற தாடைத் துணி போடுங்கள்.

அந்தத் தம்பிக்குக் காரை எலும்பு உடைந்து, கை தூளியில் தொங்குகிறது. முந்தாநாள் போயிருந்தேன். எழுந்து உட்காரவே அவன் அம்மா முதுகுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. குழுவைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் தங்கைதான் சொன்னாள், அவள் காலேஜ் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்திருக்கிறது, கீழே சிரிக்கும் பொம்மைகளோடு. நம் குழுவிலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் அது போயிருக்க முடியாது. அறிவிப்பை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இன்று ராத்திரிக்குள் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.