சிரை ரத்தம் நீல நிறமா? இல்லை

'சிரையில் ஓடும் ரத்தம் நீலம், காற்று பட்டதும்தான் சிவப்பாகும். தமனியில் எப்போதும் சுத்த ரத்தம்தான்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மனித ரத்தம் உடலுக்குள்ளும் சிவப்புதான். ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பு, அவ்வளவே. லேபில் ரத்தம் எடுக்கும்போது பாருங்கள்: காற்று நீக்கிய குழாய்க்குள் சிரை ரத்தம் கருஞ்சிவப்பாகவே ஏறும். தோலில் ஒளி சிதறித் திரும்பும் விதத்தால்தான் சிரை நீலமாகத் தெரிகிறது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனியில் எப்போதும் 'சுத்த ரத்தம்', அதாவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், ஓடுவதில்லை: நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். சந்தேகமிருந்தால் தமிழ்நாடு 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் சுற்றோட்டப் பாடத்தைப் பாருங்கள். பிள்ளைகள் அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பித் தேர்வில் எழுதிவிடுவார்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.