அந்த 3 கிரெடிட் ஆருக்குச் சொந்தம்?

117. வெள்ளிக்கிழமையில இருந்து இந்த ஒரு இலக்கம்தான் தலைக்குள்ள நிண்டு குத்துது. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேணும். நாலு வருசமும் படிச்சு முடிச்சு, கடைசி ரிசல்ட்டும் வந்தாப் பிறகு போன் எடுத்துச் சொல்றாங்க, "தங்கச்சி, உங்களுக்கு 3 கிரெடிட் குறையுது."

என்ட பட்டம் இணைச் சிறப்பு, அதாவது ரெண்டு துறையச் சேத்துப் படிக்கிற பட்டம். மெய்யியலும் (தத்துவம்) இந்து நாகரிகமும். இதப் படிச்சாக்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்ல, இப்பவே பல்லக் கடிச்சிருப்பீங்க.

ஞாயிறு பின்னேரம் மண்டூர்ல பாதை (ஆத்தக் கடக்கிற மிதவை) ஏறி, குருமண்வெளியில இறங்கி, களுவாஞ்சிகுடியில இரவு பஸ் எடுத்தன். விடியக் காலமை கம்பஸ் வாசல்ல இறங்கேக்க அம்மா கட்டித் தந்த புட்டுப் பார்சல் மடியில கிடக்கு. ஒபிஸ் திறந்தாப் பிறகு சாப்பிடுவம், அஞ்சு நிமிச வேலைதானே எண்டு நினைச்சன்.

அலுவலகத்து அண்ணன் என்ட பெறுபேற்றுத் தாளை எடுத்து முன்னால போட்டாரு. ஒரே ஒரு பாடத்தைச் சுத்திச் சிவப்புப் பேனையால வட்டம். சைவ சித்தாந்தம், 3 கிரெடிட், பீ பிளஸ். "இது எந்தத் துறைப் பாடம் எண்டு தெளிவில்ல. ஒரு துறைத் தலைவராவது ஏத்துக் கையெழுத்து வச்சாத்தான் எண்ணுவம்."

மெய்யியல் துறை மேல்மாடி. போனன். "பாடத்தின்ட கோட் எங்கட இல்லையே, அங்க போங்க."

இந்து நாகரிகம் மத்தக் கட்டிடம். போனன். "கோட் எங்கடதான். ஆனாப் படிப்பிச்சது அவங்கட சேர், மார்க்ஸ் போட்டதும் அவங்க. நாங்க எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?"

மறுகாவும் மேல்மாடி. "அப்ப அவங்களிட்ட எழுத்தில வாங்கிட்டு வாங்க." மறுகாவும் மத்தக் கட்டிடம். "எழுத்தில வேணுமெண்டா நீங்க முதல்ல கடிதம் தரணும்." வெளிய மரத்துக்குக் கீழ இருந்து முழங்கால்ல கொப்பிய வச்சு எழுதிக் குடுத்தன். வாசிச்சுக்கூடப் பாக்கல்ல. "'ஊடாக' எண்டு போட்டு மெய்யியல் தலைவரின்ட பேரையும் எழுதணும், திருப்பி எழுதுங்க." திருப்பி எழுதினன். அதுக்குள்ள இந்து நாகரிகத் தலைவர் கூட்டத்துக்குப் போயிட்டாரு, மூண்டு மணிக்குத்தான் வருவாராம்.

மூண்டு மணி வரைக்கும் அங்க கிடந்த வாங்கில இருந்தன். அப்பதான் மேல்மாடியில இருக்கிற ஒருத்தர் போற போக்கில ஒரு வார்த்தை சொன்னாரு. "அது சமயப் பாடம்தானே, மெய்யியலுக்க எப்பிடி வரும்?"

அந்த நேரம் எனக்கு வந்த கோபம் இப்பவும் அடங்கல்ல. சைவ சித்தாந்தத்தின்ட மூல நூல் சிவஞான போதம். அதில 12 சூத்திரம். உலகம் இருக்கு, அது தோன்றி நிண்டு ஒடுங்குது, அப்ப அதுக்கு ஒரு காரணம் வேணும் எண்டு முதல் சூத்திரமே வாதத்திலதான் தொடங்குது. என்ட கொப்பியில நீலப் பேனையால பெரிசா எழுதி அடிக்கோடு போட்டு வச்சிருக்கன்: காண்டல் (நேர காணுறது), கருதல் (கண்டத வச்சு ஊகிக்கிறது), உரை (நூல் சொல்றது). அறிவு எந்த வழியால வருது எண்டதுக்குச் சித்தாந்தம் சொல்ற மூண்டு அளவை. அந்த 'அளவை' எண்ட சொல்லுத்தான் ஏ.எல்-ல நாம படிச்ச அளவையியல் (லொஜிக்) பாடத்தின்ட பேர்லயும் இருக்கு. புகையக் கண்டு நெருப்பக் கருதுற அந்த அனுமானத்த விளங்கிக்கொள்ள ரெண்டு கிழமை நித்திரை முழிச்சிருக்கன். அது மெய்யியல் இல்லையெண்டா மெய்யியல் எது? கிரேக்கத்தில பிறந்தாத்தான் மெய்யியலா?

இணைப் பட்டம் எண்டு வைக்கிறதே ரெண்டு துறையும் சந்திக்கிற இடத்தில படிக்கத்தானே? அந்தச் சந்தியில நிக்கிற ஒரே பாடம் இதுதான். அதப் படிச்ச புள்ளையப் பாத்து, நீ ரெண்டு பக்கமும் இல்ல எண்டு சொன்னா என்ன நியாயம்? ரெண்டாம் வருசம் பதிவுப் போர்ம்ல இந்தப் பாடத்துக்கு நேர ரெண்டு துறையும் சீல் குத்தினவங்க. அந்தப் போர்ம்ட பிரதி என்ட பைலுக்க கிடக்கு. காட்டினன். "அது பதிவுக்கு, இது பட்டத்துக்கு" எண்டாங்க.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில ஒரு கிரெடிட் எண்டா மாணவர் 50 மணித்தியாலம் படிக்கிற அளவு. மூண்டுக்கு 150 மணித்தியாலம். அத ஒரு சிவப்பு வட்டத்துக்குள்ள போட்டு மூடிட்டாங்க. பட்டம் செல்லுபடியாகிற திகதி தள்ளிப் போனா, ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கூப்பிடேக்க என்ட பேர் இருக்காது. என்னோட படிச்சவங்க போடுவாங்க, நான் பாத்துக்கொண்டு நிக்கணும். எங்கட வீட்டில இந்த ஒரு பட்டத்தை நம்பி எத்தின பேர் இருக்கிறம் எண்டு அந்த ஒபிஸ்ல ஆருக்குத் தெரியும்?

மூண்டு மணி நாலரை ஆச்சு. தலைவர் வந்தாரு, கடிதத்தை வாங்கினாரு. "அடுத்த பீடச் சபைக் கூட்டத்துக்குப் போடுவம், மகள்." கூட்டம் எப்ப எண்டு கேட்டன். திகதி இன்னும் வைக்கல்லையாம்.

திரும்பி வர பஸ் ஸ்டாண்ட்ல இருந்துதான் அந்தப் பார்சலைத் திறந்தன். காலமையில இருந்து பையுக்க வெந்து புட்டு புளிச்சுப் போச்சு. தேங்காய் இப்ப விக்கிற விலைக்கு, அம்மா ஒரு முழுத் தேங்காயத் திருவிப் போட்டு அவிச்சிருக்கா. கறிக்குப் பால் புழியக்கூடப் பாதித் தேங்காயோட நிப்பாட்டுற மனிசி. வாங்குக்குக் கீழ படுத்திருந்த நாய்க்கு வச்சன். ஒரு தேங்காய இந்த விலைக்கு வித்தா சனம் என்னத்தத் திங்கிற? சொல்லுங்க பாப்பம், எங்கட ஊரச் சுத்தித் தென்னைதானே நிக்குது!