‘நியூஸ்’ நான்கு திசைகளின் சுருக்கம் அல்ல

மேலே ஒரு தம்பி, நோர்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் ‘நியூஸ்’ வந்தது என்று எழுதியிருக்கிறார். கல்லடியிலும் அக்கரைப்பற்றிலும் ஓ/எல் பிள்ளைகளின் குறிப்புக் கொப்பிகளிலேயே இது இருக்கிறது. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

அந்தச் சொல் ‘நியூ’, அதாவது புதியது என்பதன் பன்மை. ‘புதியவை’ என்பதே பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் வழங்கியது. பிரெஞ்சிலும் செய்திக்கு ‘நூவெல்’ என்கிறார்கள், அதுவும் புதியது என்ற சொல்லின் பன்மைதான். அங்கே திசைக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

பழைய எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். 1622இல் லண்டனில் வந்த வாராந்தரச் செய்தித்தாள்களின் தலைப்பில் இந்தச் சொல்லை என், ஈ, டபிள்யூ, ஈ, எஸ் என்று ஐந்து எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். சுருக்கம் என்றால் ‘ஈ’ இரண்டு தடவை வர நியாயமே இல்லை. முதலெழுத்துகளைக் கோத்து ரேடார், லேசர் மாதிரிச் சொல் உண்டாக்கும் வழக்கம் பரவலானதும் 20ஆம் நூற்றாண்டில்தான்.

சரிபார்ப்பது சுலபம். சொற்பிறப்புத் தருகிற பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதி எந்த நூலகத்தில் கிடைத்தாலும் ‘நியூஸ்’ பக்கத்தைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் உள்ள வரியை வாசியுங்கள். சின்னப் பொக்கெட் அகராதியில் அந்த வரி இருக்காது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற ஆசிரியர்கள் தயவுசெய்து அந்தக் குறிப்பை ஒருமுறை திருத்திக் கொடுங்கள்.